ஒரு வீட்டுக்கு இரண்டு பக்கம்: உதவித்தொகையையும் வேலையையும் ஊரிலேயே சேர்த்துப் பார்ப்பது எப்படி

எங்கள் ஊரிலிருந்து தாலுகா ஆபீஸ் ஒரு திசை, ஒன்றிய அலுவலகம் இன்னொரு திசை, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முதியோர், விதவை உதவித்தொகை எல்லாம் வருவாய்த் துறை. நூறு நாள் வேலை ஊரக வளர்ச்சித் துறை. மகளிர் குழுவும் திறன் பயிற்சியும் மகளிர் திட்டம். கொத்தனார், சித்தாள் பதிவு தொழிலாளர் துறையின் நல வாரியம். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி அலுவலகம். ஒரே வீட்டில் இருக்கிற நாலு பேருக்கு இத்தனை கதவும் தேவைப்படுகிறது, ஒவ்வொரு கதவிலும் அதே ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்து அதே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, போய்வரும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது.

இந்தக் கதவுகளை எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவருவது நம் கையில் இல்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு என்னென்ன வர வேண்டும், எது முதலில், எது அடுத்தது என்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்துப் பின்தொடர்வது நம் கையில் இருக்கிறது. கேரளத்தில் இதைத்தான் அரசே செய்தது. மிகவும் வறிய 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகத் திட்டம் போட்டார்கள்: இந்த வீட்டுக்கு ரேஷன் அட்டை, அந்த வீட்டுக்கு மருந்து, இன்னொரு வீட்டுக்குத் தொழில் என்று. அந்த வேலையின் சின்ன வடிவத்தை உங்கள் ஊராட்சியில் மூன்று பேர் சேர்ந்து செய்யலாம். மகளிர் குழுத் தலைவி, வார்டு உறுப்பினர், படித்துவிட்டு ஊரில் இருக்கும் ஒரு பையனோ பெண்ணோ போதும். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

நோட்டு

192 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு வீட்டுக்கு எதிரெதிராக இரண்டு பக்கம். இடது பக்கத்தில் வீட்டில் இருப்பவர்கள்: பெயர், வயது, படிப்பு, இப்போது என்ன வேலை, உடம்பில் ஏதாவது குறை. வலது பக்கத்தில் காகிதங்கள்: எது இருக்கிறது, எது இல்லை, எதற்கு விண்ணப்பித்தோம், எந்தத் தேதி, விண்ணப்ப எண் என்ன. ஆதார் எண்ணை முழுதாக எழுதாதீர்கள், கடைசி நாலு இலக்கம் போதும். வங்கிக் கணக்கு எண்ணும் அப்படித்தான். நோட்டு நாலு பேர் கைக்குப் போகும் பொருள், தொலைந்தால் ஒரு ஊரின் கணக்கே வெளியே போய்விடும். ஓடிபி எதையும் யாரிடமும் கேட்கவே கேட்காதீர்கள், அவர்களே நீட்டினாலும் வாங்காதீர்கள்.

எல்லா வீட்டையும் ஒரே மாதத்தில் எழுதிவிட நினைத்தால் ஒன்றும் நடக்காது. முதலில் இருபது வீடு. எந்த இருபது என்று தெரியாவிட்டால் கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தில் கேளுங்கள். புதுவாழ்வுத் திட்டக் காலத்திலிருந்தே மிகவும் ஏழையான வீடுகள் எவை என்று ஊர்மக்களே உட்கார்ந்து முடிவு செய்த பட்டியல் பல ஊர்களில் இருக்கிறது. அது பழையதாக இருக்கலாம், அதில் விட்டுப்போன வீடுகளும் இருக்கும். அதனால் ரேஷன் கடை விற்பனையாளரிடமும் அங்கன்வாடி ஆயாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒரு வீட்டை எடுத்துக் காட்டுகிறேன். பாட்டிக்கு 67 வயது. மகளுக்கு 41, ஏரிக்கரை வேலைக்கும் களையெடுக்கவும் போகிறவர், கணவர் இறந்து ஏழு மாதம். பேரன் 12ஆம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். பேத்தி பத்தாவது. நாங்கள் போனபோது இந்த வீட்டிற்கு வந்துகொண்டிருந்தது ரேஷன் அரிசி மட்டும்.

இந்த வீட்டின் வலது பக்கம் இப்படி நிரம்பியது. பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை, 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தினார்களே அது. மகளுக்கு விதவை உதவித்தொகை, நூறு நாள் வேலை அட்டையில் கணவர் பெயரை நீக்கி இவர் பெயரைச் சரிபார்ப்பது, ஆதரவற்ற விதவைச் சான்றிதழ். கணவர் இறந்தபோது வயது 46 என்பதால் தேசிய குடும்ப நல உதவித் திட்டத்தில் 20,000 ரூபாய். சம்பாதிக்கிறவர் 18 முதல் 59 வயதுக்குள் இறந்தால் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு ஒரே முறை தருவது இது. விவசாயிகளுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் தரும் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை அவர் வைத்திருந்தாரா என்று டிரங்குப் பெட்டியைக் கிளறிப் பார்த்ததில் அட்டை கிடைத்தது, அதை வைத்து இறப்பு உதவிக்கு ஒரு விண்ணப்பம். பேரனுக்கு வேலைவாய்ப்புப் பதிவு, திறன் பயிற்சி. பேத்திக்குப் பள்ளி உதவித்தொகைக்கான சாதிச் சான்று, வருமானச் சான்று.

ஒன்பது விஷயங்கள், ஐந்து அலுவலகங்கள். அந்த அம்மாவிடம் நோட்டைப் படித்துக் காட்டியபோது, "இதுல ஒண்ணு ரெண்டு வந்தாலே போதும் தம்பி" என்றார். அவருக்கு வர வேண்டியது அத்தனையும் வர வேண்டும் என்று வைத்துத்தான் நாம் வேலை செய்ய வேண்டும்.

எதை முதலில் செய்வது

இந்த வேலையில் பாதி, வரிசை தெரிவதுதான். மேலே சொன்ன வீட்டில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது இறப்புச் சான்று. இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் செலவும் இல்லை, அலைச்சலும் இல்லை. தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருடத்தைத் தாண்டினால் இன்னும் மேலே போக வேண்டும். ஊரில் யாராவது இறந்தால் பதினாறாம் நாள் காரியத்துக்குள் பதிவு ஆகிவிட்டதா என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். துக்க வீட்டில் காகிதத்தைப் பற்றிப் பேசுவது சங்கடம்தான், ஆனால் அந்த வீட்டுக்கு அடுத்த ஒரு வருடம் அதை நம்பித்தான் ஓடும். இறப்புச் சான்று வந்த பிறகு வாரிசுச் சான்று. ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம். அப்புறம்தான் விதவை உதவித்தொகையும் 20,000 ரூபாய்க்கான மனுவும். வரிசை மாறினால் எல்லாம் திரும்பி வரும்.

இரண்டாவது, பெயர். ஆதாரில் முனியம்மாள், ரேஷன் அட்டையில் முனியம்மா, வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரோடு சேர்த்து வேறொரு எழுத்துக்கூட்டல். வயதும் அப்படித்தான்: பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 என்று போட்டு, ஆண்டையும் குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்கள். பார்வைக்கு எழுபது இருக்கும், ஆதாரில் 57 என்று இருக்கும். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் மூன்று காகிதங்களையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள். திருத்த வேண்டியதை முதலில் திருத்துங்கள். இதற்கு ஒரு மாதம் போனாலும் பரவாயில்லை, பின்னால் ஆறு மாதம் மிச்சமாகும்.

மூன்றாவது, வங்கிக் கணக்கு. இதை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "பணம் வரவில்லை" என்று வருகிறவர்களில் பலருக்குப் பணம் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு பாட்டி மூன்று மாதமாகக் கூலி ஏறவில்லை என்று வந்தார், அவருடைய வங்கிப் புத்தகத்தில் வரவு போட்டுப் பார்த்தால் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள், வங்கியில் கேட்டால் வரவில்லை என்கிறார்கள், பாட்டி இரண்டு பேர் மேலும் கோபமாக இருந்தார். கடைசியில் பார்த்தால் நடுவில் ஊருக்கு வந்த ஒரு முகாமில் விரல் ரேகை வைத்து இன்னொரு கணக்கு தொடங்கியிருக்கிறார், அதோடு ஆதார் இணைப்பு அந்தக் கணக்குக்கு மாறிவிட்டது. ஆதார் வழியாக அனுப்பும் பணம், கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தோமோ அங்கேதான் போய் விழும். மூன்று மாதக் கூலியும் அங்கே பத்திரமாக இருந்தது. ஆதாரில் பதிந்த செல்போனிலிருந்து *99*99*1# என்று அடித்தால் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று காட்டும், வங்கிக் கிளையிலும் சொல்வார்கள். நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் "பணம் விழும் வங்கி" என்று ஒரு இடம் விட்டு எழுதி வையுங்கள். புதுக் கணக்கு தொடங்கச் சொல்லி யார் வந்தாலும், இணைப்பு மாறுமா என்று கேட்டுவிட்டுக் கைவிரலை வைக்கச் சொல்லிக்கொடுங்கள்.

உதவித்தொகை

விண்ணப்பம் இ-சேவை மையத்தில். முதல் முறை போகிறவருக்குக் குடிமக்கள் கணக்கு எண் ஒன்று உருவாக்குவார்கள், அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த முறை எந்தச் சான்றுக்குப் போனாலும் அதுதான் சாவி. வருமானச் சான்று, சாதிச் சான்று மாதிரி வருவாய்த் துறைச் சான்றுக்குக் கட்டணம் 60 ரூபாய், அதற்கு ரசீது தருவார்கள். ரசீது இல்லாமல் 300, 500 என்று கேட்டால் அது கட்டணம் இல்லை. விண்ணப்பம் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். விஏஓ விசாரணைக்கு வரும் நாளில் பாட்டி கூலி வேலைக்குப் போயிருந்தால் "வீட்டில் இல்லை" என்று எழுதிவிடுவார்கள், அதனால் விண்ணப்பம் போட்ட வாரமே விஏஓவிடம் நேரில் போய் இன்னார் வீடு, இந்தத் தெரு என்று சொல்லிவிடுவது நல்லது.

வீட்டை முழுதாகப் பார்ப்பதில் கிடைக்கும் பெரிய லாபம் இங்கேதான். மாமியாருக்கு முதியோர் பணம் வருகிறது, அதனால் மருமகளுக்கு மகளிர் உரிமைத் தொகை கிடைக்காது என்று நினைத்து விண்ணப்பிக்காமலே இருந்த வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. 2023 ஆகஸ்டிலேயே அதைத் தளர்த்திவிட்டார்கள், வீட்டில் ஒருவர் முதியோர் உதவித்தொகை வாங்கினாலும் தகுதியுள்ள இன்னொரு பெண் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகையை மட்டும் பார்க்கிறவருக்கு இது கண்ணில் படாது, உரிமைத் தொகையை மட்டும் பார்க்கிறவருக்கும் படாது. ஒரே பக்கத்தில் இரண்டு பேரும் இருந்தால் உடனே படும்.

இன்னொன்று, ஆதரவற்ற விதவைச் சான்றிதழ். கோட்டாட்சியர் தருவது. விதவை உதவித்தொகையே வாங்கியாயிற்று, இது எதற்கு என்று விட்டுவிடுவார்கள். ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் முன்னுரிமைக்கு இந்தச் சான்றுதான் வேண்டும், டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் பெண்களுக்கென ஒதுக்கிய இடங்களில் 10 விழுக்காடு ஆதரவற்ற விதவைகளுக்கு உண்டு. பத்தாவது முடித்த ஒரு பெண் முப்பது வயதில் கணவனை இழந்து நின்றால், மாதம் 1,200 ரூபாயோடு அவர் கதையை முடித்துவிடாதீர்கள். உதவித்தொகைக்காகச் சேர்க்கும் அதே காகிதங்களை வைத்து இதையும் அதே மாதத்தில் போடுங்கள்.

நூறு நாள் வேலை

ஊரில் இன்னமும் நூறு நாள் வேலை என்றுதான் பெயர். 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றி நாட்களை 125 ஆக்கியது, விதைப்பு அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் இடம் வைத்தது. அந்த 60 நாளில் வயல் வேலை கிடைக்காத வீடுகள் எவை என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: நிலம் இல்லாதவர், உடம்பு முடியாதவர், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர். அவர்களுக்குத்தான் உதவித்தொகை தடையில்லாமல் வர வேண்டிய அவசரம்.

வேலையை வாயால் கேட்டால் கேட்டதாகவே கணக்கில்லை. ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, தேதியிட்ட ரசீது வாங்க வேண்டும். கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. ரசீது இல்லாவிட்டால் அதைக் கேட்க முடியாது. பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரே நாளில் எழுதிக் கொடுத்தால் ரசீது தர யாரும் யோசிக்க மாட்டார்கள், தனியாகப் போகிற ஒருவருக்குத்தான் "அப்புறம் வாம்மா" என்ற பதில் வரும்.

மாற்றுத்திறனாளி இருக்கும் வீட்டில், நான்கு மணி நேர வேலைக்கு முழுக் கூலி என்ற தமிழக அரசின் ஆணையைப் பணித்தளப் பொறுப்பாளரிடம் எடுத்துச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றுவது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது மாதிரி வேலைகள் அவர்களுக்குத்தான் முதலில் போக வேண்டும்.

பயிற்சியும் வெளி வேலையும்

இங்கேதான் நாங்கள் முதல் வருடம் தப்பு செய்தோம். பயிற்சிக்கு ஆள் சேர்க்கும் முகாம் வருகிறது என்றதும் இருபது பேரைத் திரட்டிக் கொண்டுபோய்ப் பெயர் கொடுத்தோம், பதினொரு பேர் பயிற்சிக்குப் போனார்கள், மூன்று மாதத்தில் ஏழு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். சோம்பேறித்தனம் என்று ஊரில் பேசினார்கள், எங்களுக்கே அப்படித்தான் தோன்றியது. ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டபோது வேறு கதை வந்தது. ஒருத்திக்கு அம்மாவின் உதவித்தொகை நின்றுபோய் மருந்து வாங்கப் பணமில்லை, அவள்தான் கூலிக்குப் போக வேண்டும். ஒரு பையனுக்கு முதல் சம்பளம் வரும் வரை, கம்பெனிகள் இருக்கும் ஒரகடத்தில் வாடகை கொடுக்க வழியில்லை. இன்னொருத்தி கைக்குழந்தையை யாரிடம் விட்டுப் போவது என்று தெரியாமல் வந்துவிட்டாள். ஏழு பேரில் ஐந்து பேர் திரும்பியதற்குக் காரணம் வேலையில் இல்லை, வீட்டில் இருந்தது.

அதிலிருந்து நாங்கள் வைத்திருக்கும் வழக்கம் இது: ஒரு வீட்டின் வலது பக்கத்தில் உதவித்தொகை வர ஆரம்பித்த பிறகே அந்த வீட்டுப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புவோம். அவசரமாக ஒரு இடம் கிடைத்தால்கூட, அம்மாவை யார் பார்த்துக்கொள்வது, முதல் இரண்டு மாதச் செலவு எங்கிருந்து என்ற இரண்டு கேள்விக்கும் பதில் எழுதாமல் அனுப்புவதில்லை. முதல் மாத வாடகைக்கு மகளிர் குழுவிலிருந்து சிறு கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், திருப்பிக் கட்டாதவர் இதுவரை ஒருவரும் இல்லை.

வழிகள் பல இருக்கின்றன. மகளிர் திட்டம் மூலம் நடக்கும் தீன்தயாள் உபாத்யாயா திறன் பயிற்சி 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45 வரை. இதில் சேர வறுமைப் பட்டியலில் பெயர் இல்லையே என்று கவலைப்படுவார்கள். வீட்டில் யாராவது மகளிர் குழுவில் இருந்தாலே தகுதி, முந்தைய நிதியாண்டில் 15 நாள் நூறு நாள் வேலை செய்திருந்தாலும் தகுதி. அம்மாவின் வேலை அட்டை பையனுக்குப் பயிற்சிக் கதவைத் திறக்கிறது, இது பலருக்குத் தெரியவே தெரியாது. அட்டையில் நாட்கள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊரை விட்டுப் போக முடியாதவர்களுக்கு ஆர்செட்டி என்று சொல்லும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம். மாவட்டத்துக்கு ஒன்று, வங்கி நடத்துவது, தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். தையல், ஆடு வளர்ப்பு, செல்போன் பழுது பார்ப்பது என்று சில வாரங்களில் முடியும் பயிற்சிகள். முடித்த கையோடு வங்கிக் கடனுக்கும் வழிகாட்டுவார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், ஊரில் ஏற்கெனவே ஆறு தையல் மெஷின் சும்மா கிடக்கும்போது ஏழாவது ஆளைத் தையலுக்கு அனுப்புவது அவளுடைய நேரத்தை வீணாக்குவது.

கம்பெனி வேலை என்றால் பஸ் எந்த ஊர் வரை வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. செய்யாறு சிப்காட் பக்கம் செருப்புத் தொழிற்சாலைகளுக்குச் சுற்று வட்டார ஊர்ப் பெண்கள் ஏராளமாகப் போகிறார்கள், கம்பெனி பஸ் ஊர் முனைக்கு வருவதால்தான் அது நடக்கிறது. ஷிப்ட் முடிந்து இரவில் இறங்கும் இடத்திலிருந்து வீடு வரை விளக்கு இருக்கிறதா என்று ஊராட்சியில் கேட்பதும் வேலைவாய்ப்புச் சேவைதான் என்று நான் சொல்வேன்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், நோட்டில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தும் வேலை இல்லாதவருக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால் மாதம் 200 முதல் 600 ரூபாய் வரை படிப்புக்கு ஏற்ப உதவித்தொகை உண்டு. மாற்றுத்திறனாளிக்கு ஒரு வருடம் காத்திருந்தால் போதும், தொகையும் 600 முதல் 1,000 வரை. பெரிய தொகை இல்லை, ஆனால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பதிந்தால் தானாக வராது. புதுப்பிக்காமல் பதிவு செத்துப்போனால் காத்திருந்த வருடங்களும் போய்விடும்.

முகாம், கிராம சபை, திங்கட்கிழமை

எல்லாத் துறை மேசையும் ஒரே பந்தலில் போடும் முகாம்கள் இந்த வேலைக்குக் கிடைத்த வரம். 2023 டிசம்பரில் மக்களுடன் முதல்வர் முகாம் ஆரம்பித்தது, 2025 ஜூலையில் உங்களுடன் ஸ்டாலின் முகாம் வந்தபோது ஊரகப் பகுதியில் 15 துறைகளின் 46 சேவைகளை ஒரே இடத்தில் வைத்தார்கள். எந்தப் பெயரில் முகாம் வந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முந்தின வாரமே நோட்டைப் பார்த்து, வீடு வீடாகக் காகிதங்களை ஒரு கவரில் போட்டு, மேலே எந்தெந்த மேசைக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுவது. முகாமில் உட்கார்ந்து யோசித்தால் ஒரு மேசையோடு மாலை ஆகிவிடும். மனு எண் தரும் ரசீதை அங்கேயே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே தனி வீட்டுப் பிரச்சினையைப் பேசாதீர்கள், யாருக்கும் தன் வறுமையை ஊர் முன்னால் விரிப்பது பிடிக்காது. எண்ணிக்கையாகப் பேசுங்கள். "60 தாண்டிய பதினான்கு பேர் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது" என்று சொல்லித் தீர்மானத்தில் ஏற்றச் சொன்னால், தீர்மான நகலை வைத்துத் தாலுகா ஆபீஸில் பேசலாம். அங்கும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள், இல்லையென்றால் 1100 என்ற முதல்வரின் உதவி எண். தாலுகா ஆபீஸில் வருடம் ஒரு முறை ஊர்க் கணக்கைத் தணிக்கை செய்து மனு வாங்கும் ஜமாபந்தி வாரத்தையும் விடாதீர்கள். அதற்கும் மேல் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு, என் விண்ணப்பம் இன்று யார் மேசையில் இருக்கிறது என்ற ஒரே கேள்வியோடு. பெரும்பாலும் அந்த மனுவுக்குப் பதில் வருவதற்கு முன்னால் உத்தரவு வந்துவிடும்.

மாதம் ஒரு நாள், எங்களுக்கு அது இரண்டாவது ஞாயிறு சாயந்தரம், நூலகத் திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுவோம். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாக எழுதிய தேதியைப் பார்ப்போம். இரண்டு மாதமாக எதுவும் எழுதாத பக்கம் இருந்தால் மறுநாள் அந்த வீட்டுக்கு ஒருவர் போவார். பணம் வர ஆரம்பித்த வீட்டையும் மூடிவிடுவதில்லை, உதவித்தொகை நடுவில் நிற்கலாம், வேலைக்குப் போன பிள்ளை திரும்பி வரலாம்.

நோட்டு யார் வீட்டிலும் இருக்கக் கூடாது. ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பின் அலமாரியில் வையுங்கள், சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். உங்களுக்கே வேலை கிடைத்து ஊரை விட்டுப் போகும் நாள் வரும், அன்று அடுத்தவர் கையில் கொடுத்து இருபது வீட்டுக்கும் ஒரு முறை அவரைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்துவிட்டுப் போங்கள். நான் மேலே சொன்ன அந்த வீட்டுப் பேரன் பயிற்சி முடித்து ஒரகடத்தில் வேலையில் இருக்கிறான், பாட்டிக்கும் அம்மாவுக்கும் உதவித்தொகை வருகிறது, 20,000 ரூபாய் மனு மட்டும் இன்னும் நிலுவை. அந்தப் பக்கத்தில் அடுத்த தேதி வருகிற திங்கட்கிழமை.